ஸ்கெட்ச்அப்பா, ஃப்யூஷனா? மரவேலைக்கு எந்த மென்பொருள் யாருக்குச் சரி

மரத்தை வெட்டுவதற்கு முன்பு கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஸ்கெட்ச்அப் போதுமா, இல்லை ஃப்யூஷன் மாதிரி பாராமெட்ரிக் (அளவுகளை ஒன்றோடொன்று கட்டி வைக்கும்) மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டுமா? கேட்பவர்கள் பலவகை. வார இறுதியில் வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி செய்ய நினைப்பவர் கேட்கிறார். மாடுலர் கிச்சன் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைக்காரர் கேட்கிறார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தை வெட்டும் சிஎன்சி ரூட்டர் இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு அதற்கு ஃபைல் தயார் பண்ணத் தெரியாமல் நிற்பவரும் கேட்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரும் ஒரே இடத்தில் தொடங்கலாம்: வரைந்து முடித்த பிறகு அந்த அளவுகள் எத்தனை முறை மாறப் போகின்றன? முடிவில் பெரும்பகுதி இதற்கான பதிலிலேயே வந்துவிடும் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் அப்புறம்.

## இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

ஒரு வகை, வடிவத்தை நேரடியாகப் பிடித்து இழுத்து மாற்றும் மென்பொருள்கள். மரவேலைக்காரர்களிடம் அதிகம் பழக்கமானது ஸ்கெட்ச்அப். ஒரு செவ்வகம் வரைகிறீர்கள், அதை 18 மிமீ இழுக்கிறீர்கள், பலகை வந்துவிடுகிறது. அந்தப் பலகை ஏன் 18 மிமீ, பக்கத்துப் பலகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் வடிவம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பாராமெட்ரிக்கில் அளவுகளுக்குப் பெயர் வைக்கிறோம். ‘தடிமன்’ என்று ஒரு பெயர், அதற்கு 18 மிமீ என்று ஒரு மதிப்பு. பிறகு ஒவ்வொரு பலகையையும் அந்தப் பெயரோடு கட்டிவிடுகிறோம். நாம் செய்த ஒவ்வொரு வேலையும் வரிசையாகப் பதிவாகிறது. பின்னால் போய் ஒரு எண்ணை மாற்றினால், அதைத் தொட்டு நிற்கும் அத்தனையும் திரும்பக் கணக்கிடப்படும். ஃப்யூஷன், ஃப்ரீகேட், ஆன்ஷேப், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் இந்த வகை.

இவை எங்கே பிறந்தன என்று தெரிந்துகொண்டால் இவற்றின் குணம் புரியும். ஸ்கெட்ச்அப் 2000-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரத்திலிருந்து வந்தது. கட்டடக் கலைஞர்கள் பேப்பரில் கிறுக்குவது போலவே சீக்கிரமாக வரையட்டும் என்பதற்காகச் செய்தது. 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் ட்ரிம்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. பாராமெட்ரிக் வகைக்கு வேர் இன்னும் பழையது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் மென்பொருளிலேயே கோடுகளுக்கு இடையே நிபந்தனை போடும் வசதி இருந்தது. 1980களின் கடைசியில் வந்த ப்ரோ/இன்ஜினியர், 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் எல்லாம் இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கானவை. ஃப்யூஷன் 2013-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் கொண்டுவந்தது.

ஆக, இரண்டுமே மரத்துக்காகப் பிறந்தவை இல்லை. ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, ரம்பம் எத்தனை மிமீ தின்னும், லேமினேட் ஒட்டினால் தடிமன் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் இரண்டுக்கும் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஏற்கெனவே சொன்னது: அளவு மாற்றம். வாடிக்கையாளர் மனசு மாறலாம், சுவர் நேராக இல்லாமல் போகலாம், பிளைவுட் வேறு தடிமனில் வரலாம்.

இரண்டாவது, அதே பொருளை வேறு அளவில் திரும்பச் செய்வீர்களா என்பது. ஒரே ஒரு ஊஞ்சல் பலகை செய்வதும், மாதாமாதம் வேறு வேறு வீட்டுக்குக் கிச்சன் பாக்ஸ் செய்வதும் ஒன்றல்ல.

மூன்றாவது, யார் வெட்டுகிறார்கள்? நீங்களே வெட்டுகிறீர்களா, தச்சர் ஒருவரிடம் பேப்பரைக் கொடுக்கிறீர்களா, பெரிய ஷீட்டுகளை மெஷினில் வெட்டித்தரும் பேனல் சா கடையில் கட்டிங் லிஸ்ட் (வெட்டவேண்டிய பலகைகளின் அளவுப் பட்டியல்) கொடுத்து வெட்டி வாங்குகிறீர்களா, இல்லை ஃபைல் நேராக சிஎன்சிக்குப் போகிறதா? கடைசி வகையில் வரைபடத்தில் இருக்கும் பிழை அப்படியே மரத்தில் இறங்கிவிடும். தச்சர் கையில் போனால், கண்ணால் பார்த்துத் திருத்த ஒருவர் இருக்கிறார்.

நான்காவது, வடிவம். பெட்டி பெட்டியாகவா, வளைந்து குழைந்தா? ஐந்தாவது, கற்க ஆகும் காலம். ஆறாவது, பணமும் உரிமமும். இது பலரும் கடைசியில் பார்க்கும் விஷயம், முதலிலேயே பார்க்க வேண்டியது. வாடிக்கையாளரிடம் காட்டிப் பேசுவதும் உங்கள் வேலையில் உண்டு என்றால் அதையும் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரு அலமாரியில் வைத்துப் பார்ப்போம்

900 மிமீ அகலத்தில் ஒரு துணி அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மிமீ பிளைவுட். இரண்டு பக்கப் பலகைகளைக் கழித்தால் உள் அகலம் 864 மிமீ. தட்டுகள் அந்த நீளம். கீழே ஒரு டிராயர். டிராயர் நழுவி வெளியே வர உதவும் டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்குச் சுமார் 13 மிமீ விடவேண்டும், ஆக டிராயரின் வெளி அகலம் 838 மிமீ.

இப்போது வீட்டுக்காரர் உள்ளேயும் லேமினேட் வேண்டும் என்கிறார். வெளியே 1 மிமீ, உள்ளே 0.8 மிமீ. பலகை 19.8 மிமீ ஆகிவிட்டது. வெளி அகலத்தை மாற்ற முடியாது, சுவர் மாடத்துக்குள் உட்கார வேண்டும். உள் அகலம் 860.4-க்கு இறங்குகிறது. டிராயர் 834.4 ஆக வேண்டும். யாரும் கவனிக்காமல் பழைய 838-இலேயே டிராயரை அடித்துவிட்டால், பக்கத்துக்கு 11.2 மிமீதான் மிஞ்சும். சேனல் உள்ளே போகாது. பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. பிளைவுட்டை இழைத்தும் சரிசெய்ய முடியாது, டிராயரைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

பாராமெட்ரிக்கில் இந்த உறவுகளை ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருப்போம்:

உள் அகலம் = மொத்த அகலம் − 2 × தடிமன்

டிராயர் அகலம் = உள் அகலம் − 2 × சேனல் இடம்

தடிமன் என்ற இடத்தில் 18-ஐ அழித்து 19.8 என்று போட்டு என்டர் தட்டினால் தட்டு, டிராயர், டிராயரின் அடிப்பலகை, பின்பலகை எல்லாம் சேர்ந்து நகரும். நாளைக்கு வேறு வீட்டில் 1,050 மிமீ அலமாரி என்றால் மொத்த அகலத்தை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்கெட்ச்அப்பில் இதே வேலையைச் செய்ய முடியாதா? முடியும். நான்கு தட்டுகளையும் ஒரே காம்பொனென்ட்டின் (ஒன்றாகக் கட்டி வைத்த பாகத்தின்) நகல்களாக வைத்திருந்தால், ஒன்றைத் திருத்தினால் நான்கும் மாறும். ஆனால் தட்டு மாறியது டிராயருக்குத் தெரியாது. அதை நீங்கள் தனியாகப் போய்த் திருத்த வேண்டும். டிராயரின் முன்பலகை, பின்பலகை, அடிப்பலகை ஒவ்வொன்றையும் நினைவு வைத்துத் தொட வேண்டும். இதில் புதியவர்கள் செய்யும் ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மொத்த அலமாரியையும் தேர்ந்தெடுத்து ஸ்கேல் கருவியால் இழுத்து அகலத்தைக் கூட்டுவார்கள். அகலம் கூடும், கூடவே பக்கப் பலகையின் தடிமனும் 18-இலிருந்து 20, 21 என்று ஊதிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, கட்டிங் லிஸ்ட்டில்தான் வெடிக்கும். சரியான வழி, அலமாரியின் ஒரு முனையில் இருக்கும் விளிம்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து மூவ் கருவியால் நகர்த்துவது.

## ஸ்கெட்ச்அப் எங்கே ஜெயிக்கிறது

யோசிக்கும் கட்டத்தில். ஒரு மேசைக்கு நான்கு கால் வைப்பதா, இரண்டு பக்கமும் பலகை வைப்பதா என்றே முடிவாகாத நேரத்தில், அளவுகளுக்குப் பெயர் வைத்து உறவு கட்டிக்கொண்டிருப்பது கையைக் கட்டிப்போடும். ஸ்கெட்ச்அப்பில் ஒரு மாலைக்குள் பல வடிவங்களை இழுத்துப் பார்த்துவிடலாம். பிடிக்காததைத் தூக்கிப் போடவும் மனசு வலிக்காது.

அறையோடு சேர்த்துப் பார்க்கவும் இதுதான் வசதி. சுவர், ஜன்னல், பீம், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் வரைந்து, அதற்குள் கட்டிலையும் அலமாரியையும் வைத்து, வீட்டுக்காரரிடம் திருப்பித் திருப்பிக் காட்டலாம். பிறர் செய்து வைத்த மாதிரிகள் 3டி வேர்ஹவுஸ் என்ற ஸ்கெட்ச்அப்பின் இணையக் கிடங்கில் கொட்டிக் கிடக்கின்றன. ஃப்ரிட்ஜ், சிங்க், அடுப்பு எதையும் நீங்கள் வரைய வேண்டியதில்லை.

இன்னொரு இடம், பழைய மரத்தில் செய்யும் வேலை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் கதவு, தூண், நிலை இவற்றை வாங்கி வந்து மேசையாகவோ கண்ணாடிச் சட்டமாகவோ மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே அளவைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, அந்தத் தேக்குப் பலகை. அதன் நீளம், அதில் இருக்கும் பழைய ஆணி ஓட்டை, ஒரு மூலையில் போன விரிசல் எல்லாவற்றையும் அளந்து அப்படியே வரைந்து, அதைச் சுற்றி மீதியை யோசிக்க வேண்டும். திரும்ப இதே பொருளை வேறு அளவில் செய்யப்போவதும் இல்லை. இங்கே பாராமெட்ரிக் பயன்படுத்தினால் உழைப்புதான் வீண்.

கையால் மார்ட்டிஸ்–டெனன் இணைப்பு அடித்துச் செய்பவர்களுக்கும் ஸ்கெட்ச்அப் போதும் என்பேன். துளையை உளியால் எடுத்த பிறகு அந்தத் துளைக்குத் தக்கபடிதான் நாக்கை இழைக்கிறார்கள். கடைசி அளவு கணினியில் இல்லை, பட்டறை மேசையில் இருக்கிறது.

கட்டிங் லிஸ்ட் விஷயத்திலும் ஸ்கெட்ச்அப் பின்தங்கவில்லை. ஓப்பன்கட்லிஸ்ட் என்று ஒரு இலவச எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கருவி) உண்டு. காம்பொனென்ட்டுகளுக்கு மரம், பிளைவுட் என்று மெட்டீரியல் கொடுத்துவிட்டால் பாகங்களின் பட்டியல், ரேகை திசை, ரம்பத் தடிமன், எட்டுக்கு நான்கு அடி ஷீட்டில் எப்படி அடுக்குவது என்பது வரை போட்டுக்கொடுக்கும். மரவேலைக்கு இவ்வளவு பொருத்தமான இலவசக் கருவி பாராமெட்ரிக் பக்கத்தில் அரிது. இந்த ஒன்றுக்காகவே ஸ்கெட்ச்அப்பை விடாதவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

## பாராமெட்ரிக் எங்கே ஜெயிக்கிறது

திரும்பத் திரும்பச் செய்யும் பொருளில். கிச்சன் பாக்ஸ், டிராயர் யூனிட், ஷூ ரேக், படிப்பு மேசை என்று நான்கைந்து பொருளை மட்டும் வேறு வேறு அளவில் விற்கும் பட்டறைக்கு இது கணக்குப்பிள்ளை மாதிரி. தடிமன், சேனல் இடம், ஷட்டர்களுக்கு நடுவே விடும் 3 மிமீ, பின்பலகை இறங்கும் பள்ளத்தின் ஆழம் எல்லாம் ஒரே இடத்தில் எழுதி இருக்கும்.

ஷீட் வீணாகாமல் பார்க்கவும் இது உதவும். எட்டுக்கு நான்கு பிளைவுட் மில்லிமீட்டரில் 2,440-க்கு 1,220. பாக்ஸின் ஆழத்தை இரண்டு அடி என்று வைத்தால் ஒரு பட்டை கிட்டத்தட்ட 610 மிமீ. இரண்டு பட்டைக்கு 1,220. நடுவில் ரம்பம் தின்னும் 3 மிமீக்கு இடமே இல்லை. ஆழத்தை 600 ஆக்கினால் இரண்டு பட்டையும் ரம்ப வெட்டும் சேர்ந்து 1,203 மிமீ, ஓரத்தைச் சீவவும் இடம் மிச்சம். அனுபவம் உள்ள தச்சருக்கு இது மனப்பாடம். புதிதாக வரைபவருக்கு, எல்லாப் பாக்ஸும் வரைந்து முடித்த பிறகுதான் தெரியவரும். அப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்பது பெரிய நிம்மதி.

அடுத்தது சிஎன்சி. ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது உண்மையில் வட்டம் இல்லை. நீங்கள் மாற்றாவிட்டால் அது 24 பக்கம் கொண்ட பலகோணம். 600 மிமீ விட்டமுள்ள ஒரு டீப்பாய் மேல்பலகையை அப்படி வரைந்து ரூட்டருக்கு அனுப்பினால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 78 மிமீ நீளத்துக்கு நேர்க்கோடாக வரும். பக்கத்தின் நடுப்பகுதி உண்மையான வட்டத்திலிருந்து இரண்டரை மிமீக்கு மேல் உள்ளே தள்ளி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். வரையும்போதே பக்கங்களை 96 ஆக்கிக்கொண்டால் விலகல் அரை மிமீயில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், உப்புத்தாள் போட்டால் போய்விடும். ஆனால் முன்கூட்டியே இதை நினைக்க வேண்டும். ஃப்யூஷனிலும் ஃப்ரீகேட்டிலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். அதோடு இரண்டிலும் சிஎன்சிக்கு டூல் பாதை (வெட்டும் கருவி போகவேண்டிய வழி) போடும் பகுதி உள்ளேயே இருக்கிறது. வேறு மென்பொருளுக்கு ஃபைலைக் கொண்டுபோகும் வேலை மிச்சம்.

தேக்கு மாதிரி முழுமரத்தில் கதவு செய்பவர்களும் இதைக் கவனிக்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, குறுக்குவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். சட்டத்தின் பள்ளத்துக்குள் பலகைக்கு விடும் இடைவெளியை ஒரு பெயராக வைத்துவிட்டால், மரத்தை மாற்றும்போது அதை மட்டும் கூட்டிக் குறைக்கலாம்.

அடியா, மில்லிமீட்டரா என்ற குழப்பம் நம் ஊரில் எப்போதும் உண்டு. பிளைவுட் தடிமன் மில்லிமீட்டரில், ஷீட் அளவு அடியில், தச்சர் பேசுவது இஞ்சிலும் நூலிலும். இதில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கெட்ச்அப், ஃப்யூஷன் இரண்டிலுமே மில்லிமீட்டர் வரைபடத்துக்குள் அடியிலும் இஞ்சிலும் அளவு தட்டலாம், அதுவே மாற்றிக்கொள்ளும். ஆனால் தச்சர் கைக்குப் போகும் பேப்பரில் அவருக்குப் பழகிய அளவில் இருக்க வேண்டும். எட்டு நூல் ஒரு இஞ்ச் என்று கணக்குப் போடுபவரிடம் 860.4 மிமீ என்று நீட்டுவது சரியில்லை.

## பக்கத்தில் பக்கத்தில்

| எதைப் பார்க்கிறோம் | ஸ்கெட்ச்அப் வகை | ஃப்யூஷன், ஃப்ரீகேட் வகை |
|---|---|---|
| முதல் பொருளை வரைய | சீக்கிரம் | மெதுவாக |
| அதையே வேறு அளவில் | ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும் | எண்ணை மாற்றினால் போதும் |
| கற்க | ஒரு வார இறுதியில் கை பழகும் | சில வாரமாவது பொறுமை வேண்டும் |
| கட்டிங் லிஸ்ட் | எக்ஸ்டென்ஷனில் மிக நன்றாக வரும் | ஆட்-இன் தேடிப் போட வேண்டும் |
| சிஎன்சி | வளைவுகளில் கவனம் தேவை | நேரடியாகப் போகலாம் |
| அறையோடு காட்ட | இதுதான் வசதி | முடியும், ஆனால் இழுபறி |
| குழைந்த வளைவு | சிரமம் | ஃப்யூஷனில் தனிப் பகுதி உண்டு |

## வெளியே தெரியாத செலவுகள்

இலவசம் என்ற சொல்லை நம்பி இறங்குவதற்கு முன்பு உரிமத்தைப் படிக்க வேண்டும்.

ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு பிரவுசரில் ஓடுவது, சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. அதாவது நான் மேலே புகழ்ந்த ஓப்பன்கட்லிஸ்ட் அங்கே கிடையாது. அளவோடு பேப்பரில் அச்சிட உதவும் லேஅவுட்டும் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் சந்தா கட்டும் டெஸ்க்டாப் பதிப்புக்குப் போக வேண்டும். ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமத்தை 2020-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஃப்யூஷனின் தனிநபர் பதிப்பு இலவசம்தான். ஆனால் ஒரே நேரத்தில் பத்து ஃபைல்களை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். மற்றவை படிக்க மட்டும், தேவைப்படும்போது ஒன்றைப் பூட்டி இன்னொன்றைத் திறக்க வேண்டும். சிஎன்சி பகுதியிலும் கருவியின் வேகமான நகர்வு, தானாக டூல் மாற்றுவது போன்றவை கிடையாது. வியாபாரத்துக்கான உரிமமும் இல்லை. இந்தக் கட்டுப்பாடுகள் முதலிலிருந்தே இருந்தவை அல்ல, 2020-இல் அறிவித்துக் கொண்டுவந்தவை. நாளைக்கு இன்னும் மாறலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். பிறர் வீட்டு வேலையை அங்கே வரையாதீர்கள்.

ஃப்ரீகேட் மட்டும்தான் முழு இலவசம். திறந்த மூல மென்பொருள், வியாபாரத்துக்கும் தடையில்லை, இணையம் இல்லாமலும் ஓடும். அளவுகளை அதற்குள்ளேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி வைக்கலாம். மரவேலைக்கென்றே வுட்வொர்க்கிங் என்ற ஆட்-ஆன் இருக்கிறது, அதிலிருந்து கட்டிங் லிஸ்ட்டும் எடுக்கலாம். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை பொறுமை. முன்பெல்லாம் ஆரம்பத்தில் செய்த ஒரு வேலையைத் திருத்தினால், பின்னால் வந்த பள்ளமும் துளையும் பலகையின் வேறு பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். பழைய அனுபவத்தை வைத்து ஒதுக்கியவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம்.

பணம் தவிர இன்னொரு செலவு நேரம். பாராமெட்ரிக்கில் எல்லாவற்றையும் கட்டிவிடும் ஆசை வரும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும், ஹிஞ்சின் 35 மிமீ துளையையும், கைப்பிடியின் வளைவையும் உறவுபடுத்திக்கொண்டே போனால் கடைசியில் ஒரு எண்ணை மாற்றும்போது வரிசையில் எங்கோ சிவப்பு விளக்கு எரியும். எது உடைந்தது என்று தேடுவதற்குள் பொருளையே செய்து முடித்திருக்கலாம். உண்மையில் மாறக்கூடிய ஏழெட்டு அளவுகளுக்கு மட்டும் பெயர் வையுங்கள். ஸ்கெட்ச்அப்பின் நேரச் செலவு வேறு விதம். அது வரையும்போது தெரியாது, திருத்தும்போது தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லா அளவையும் டேப் கருவியால் சரிபார்க்கிற வேலை உங்கள் தலையில்.

மூன்றாவது, ஃபைல் யார் கையில் என்பது. மரச் சிற்பக் கதவு வெட்டும் சிஎன்சி கடைகளில் புழங்கிய ஆர்ட்கேம் மென்பொருளை, அதை வைத்திருந்த டெல்கேமோடு சேர்த்து ஆட்டோடெஸ்க் 2014-இல் வாங்கியது, 2018-இல் விற்பதை நிறுத்திவிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பிறகு கார்வ்கோ வந்தது. எதை வைத்து வரைந்தாலும் முக்கியமான வேலைகளின் அளவுப் பேப்பரைப் பிடிஎஃப்பாகவும், பாராமெட்ரிக்கில் வரைந்தது என்றால் வடிவத்தைப் பல மென்பொருள்களில் திறக்கும் ஸ்டெப் ஃபைலாகவும் எடுத்து வையுங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஸ்டெப் ஃபைலில் வடிவம் போகும், அளவுகளுக்கு நீங்கள் வைத்த பெயரும் உறவும் போகாது.

## வளைவுகள் வந்தால்

நாற்காலியின் குழிந்த இருக்கை, கைப்பிடி முனையின் உருட்டல் போன்றவற்றுக்கு ஸ்கெட்ச்அப் ஒத்துவராது, சாதாரண பாராமெட்ரிக் வரைபடமும் ஒத்துவராது. ஃப்யூஷனில் ஃபார்ம் என்று ஒரு பகுதி இருக்கிறது, 2011-இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய டி-ஸ்ப்ளைன்ஸ் தொழில்நுட்பத்தில் வந்தது. களிமண்ணைப் பிசைவது போல வடிவத்தைத் தள்ளி இழுக்கலாம். ரைனோ என்ற மென்பொருளும் இதில் வலுவானது. இலவசமாக வேண்டுமென்றால் பிளெண்டர் இருக்கிறது, ஆனால் அளவு துல்லியத்துக்கு அதை நம்பாதீர்கள். உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு நாற்காலி செய்பவர் இதில் எதற்கும் போக வேண்டியதில்லை. பக்கத் தோற்றத்தை முழு அளவில் ஹார்ட்போர்டில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால் இழைப்புளியும் கையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

## யார் எதை எடுக்கலாம்

வீட்டுக்குச் செய்பவர், புதிதாகக் கற்பவர், முழுமரத்தில் கைவேலை செய்பவர், உள் அலங்கார வேலை எடுத்து வாடிக்கையாளரிடம் படம் காட்ட வேண்டியவர் எல்லோருக்கும் ஸ்கெட்ச்அப். தயங்க வேண்டாம். பாராமெட்ரிக் கற்காததால் உங்கள் வேலையின் தரம் குறையப் போவதில்லை.

சிஎன்சி வைத்திருப்பவர், கிச்சன் பாக்ஸ் போல அளவு மாறும் பொருளைத் தொழிலாகச் செய்பவர், பிரித்து அனுப்பும் ஃபர்னிச்சர் விற்பவர் மூவரும் பாராமெட்ரிக்கில்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும், சீக்கிரம் போவது நல்லது. கையில் காசு இருந்தால் ஃப்யூஷன் சந்தா. இல்லையென்றால் தனிநபர் பதிப்பில் தொழில் ஓட்டுவதைவிட ஃப்ரீகேட் மேல்.

இரண்டையும் வைத்துக்கொள்ளும் பட்டறைகளும் உண்டு. சின்னப் பட்டறைக்கு எனக்குப் பிடித்த வழியும் அதுதான். அறையும் அமைப்பும் ஸ்கெட்ச்அப்பில். எந்த இடத்தில் எத்தனை மிமீ பாக்ஸ் என்று அங்கே முடிவானதும், அந்த எண்களை மட்டும் எடுத்துவந்து பாராமெட்ரிக்கில் தயாராக இருக்கும் பாக்ஸில் போட்டு வெட்டு அளவு எடுப்பது. இரண்டு மென்பொருளுக்கும் நடுவே ஃபைல் போகத் தேவையே இல்லை, எண்கள் போனால் போதும்.

முடிவெடுக்க முடியாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீங்கள் அடிக்கடி செய்யும் பொருளில் டிராயர் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வரையுங்கள். பிறகு தடிமனை 18-இலிருந்து 19.8 ஆக்குங்கள், அகலத்தை 150 மிமீ கூட்டுங்கள், ஒரு தட்டை எடுத்துவிடுங்கள். மூன்று மாற்றமும் முடிந்து கட்டிங் லிஸ்ட் கைக்கு வர எதில் எவ்வளவு நேரம் ஆகிறது, எதில் பிழை வருகிறது என்று பாருங்கள். முதல் முறை வரைய ஆன நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் ஸ்கெட்ச்அப்தான் எப்போதும் ஜெயிக்கும்.

மாறுவதென்று முடிவாகிவிட்டால் பழைய ஸ்கெட்ச்அப் ஃபைல்களை எல்லாம் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஃப்யூஷனுக்குள் அவற்றைக் கொண்டுபோனாலும் வெறும் மேற்பரப்புகளாகத்தான் வரும், உறவுகள் எதுவும் இருக்காது. அடுத்த ஆர்டர் எந்தப் பொருளுக்கு வருகிறதோ அதை மட்டும் புதிதாக வரையுங்கள். மற்றவை பழைய இடத்திலேயே இருக்கட்டும்.